ஒரு நாள் முன்னதாக

கோப்பெங்,
9 ஜூன் 2025

தஞ்சோங் மாலிம், திரு. பத்துமலை அப்பாவு அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியார் புனிதாவும் மகள் தினேஸ்வரியும் நலமென நம்புகிறேன். என் நலத்தைத் தாங்கள் கேட்டு நெடுநாளாகிவிட்டபடியால், கேளாமலே கூறிவிடுகிறேன். முழங்காலைத் தவிர யாவும் நலம்.

தாங்கள் அனுப்பிய அஞ்சல் உறை சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தமையால் உள்ளிருப்பது திருமணப் பத்திரிகை என்று அறிந்துகொண்டேன். பிரிக்கவில்லை. காளியம்மன் படத்தின் கீழ், வந்தது வந்தபடியே வைத்திருக்கிறேன்.

தினேஸ்வரிக்கு ஆவணியில் திருமணம், மாப்பிள்ளை பெயர் பவித்ரன் என்பதையெல்லாம் சந்தையில் என் பூக்கடைக்குப் பக்கத்தில் காய்கறி விற்கும் கலாதேவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "என்னக்கா, தம்பி மகளுக்குக் கல்யாணமாமே! அத்தைக்குப் பட்டு வந்துருச்சா?" என்று சந்தையே கேட்கும்படி கேட்டாள். கட்டிக்கொண்டிருந்த மல்லிகையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

தங்களுக்கு நம் குடும்ப வழக்கத்தை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் எடுத்துரைக்கிறேன். அஞ்சலில் வரும் பத்திரிகை ஊராருக்கு. உடன்பிறந்தவளைத் தம்பி நேரில் வந்து, தாம்பூலத் தட்டும் புடவையும் கொடுத்து அழைக்க வேண்டும். புதுவீட்டில் பால் பொங்க வைப்பவள் அக்காள். நலங்கின்போது பெண்ணின் கன்னத்தில் முதல் மஞ்சள் பூசுபவள் அத்தை. இவை நம் பெற்றோர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. வேறு சொத்து அவர்களிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

2019-இல் தாங்கள் புதுவீடு புகுந்தீர்கள். பேராக் மாநிலம் முழுவதும் தட்டோடு சுற்றி வந்த தங்கள் காருக்குக் கோப்பெங் சாலை மட்டும் தெரியாமற்போயிற்று. அதையும் பொறுத்திருப்பேன். அன்று மாலை தொலைபேசியில் அழைத்து, "ஏன் வரல?" என்று என்னையே அதட்டினீர்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. அழையாத வீட்டிற்குப் போகாதது குற்றமா? அன்றே தங்கள் எண்ணைத் தடுத்துவிட்டேன். இன்றளவும் அந்தத் தடை நீக்கப்படவில்லை.

ஆகவே எழுத்தில் கேட்கிறேன். தினேஸ்வரியின் முதல் மஞ்சள் யார் கையால்? பதிலை எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இருளாயி அப்பாவு


தஞ்சோங் மாலிம்
15 ஜூன் 2025

அக்கா,

இத நான் எழுதலக்கா. நான் ஃபோன்ல பேசறேன், அது எழுதுது. தினேஸ்வரி பிரின்ட் மட்டும் எடுத்துக் கொடுத்தா. புள்ளி, கமா சரியா இல்லன்னா என்னத் திட்டாதே, ஃபோனத் திட்டு.

உன் லெட்டர புனிதா வாசிச்சா. அத ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு வேலைக்குப் போறப்ப கார்ல போட்டுக் கேட்டேன். தாங்கள், தாங்கள்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. யாரோ மந்திரிக்குப் போக வேண்டிய லெட்டர் தப்பிப்போயி நம்ம வீட்டுக்கு வந்துருச்சோன்னு நெனச்சேன்லா.

சரி, இப்ப சண்டைக்கு வாரேன்.

புதுவீட்டுக்கு நான் உன்னக் கூப்பிடலங்கறியா? நான் வந்தேன்க்கா! ஒரு சனிக்கிழம காலையில தட்டு, புடவ எல்லாம் எடுத்துக்கிட்டுத் தனியாக் கெளம்பினேன். புனிதா கூட வாரேன்னா. வேணாம், மொத அழைப்பு எங்கக்காவுக்கு, நான்தான் போயிச் சொல்லணும்னேன். வழியில தாப்பாவுல நிறுத்தி தே தாரிக் குடிச்சேன். மழ தூறுச்சு. அது கூட ஞாபகம் இருக்கு. உன் வீட்ல நீ காப்பி கொடுத்தே. சக்கர கம்மின்னு சொன்னேன். "வயசாகுதுல்ல, இனிமே இப்படித்தான்"னு சொன்னே.

புதுவீட்ல அன்னிக்குப் பால் காய்ச்சற நேரம் வந்துச்சு. ஐயர் அடுப்பப் பத்த வைங்கன்னாரு. எங்கக்கா வரட்டும்னேன். நல்ல நேரம் போயிக்கிட்டே இருக்கு, சொந்தக்காரங்க என் மூஞ்சியப் பாக்கறாங்க, நான் வாசல் கேட்டப் புடிச்சுக்கிட்டு ரோட்டப் பாக்கறேன். கடைசியில புனிதாதான் பால் பொங்க வெச்சா. பொங்குச்சு. ஆனா எனக்கு அது பால் பொங்குன மாதிரி இல்லக்கா.

அந்த ஆத்தரத்துலதான் ஏன் வரலன்னு கத்தினேன். நீ டக்குனு கட் பண்ணிட்டே. அப்புறம் கொரோனாவுக்கு எம்.சி.ஓ. வந்து ஊரையே வீட்டுக்குள்ள அடச்சுருச்சு. அதோட போச்சு.

நேர்ல கூப்பிட்டும் வராதவங்கள மறுபடி எப்படிலா போயிக் கூப்பிடறது? எனக்கும் ரோசம் இருக்குல்ல. நீ வளத்தவன்தானே. அதான் தபால்ல அனுப்பினேன்.

மொத மஞ்ச யார் கைன்னு கேட்டே. நீ வந்தா உன் கை. வரலன்னா தினேஸ்வரி கன்னம் காஞ்சு கெடக்கட்டும். வேற யாரையும் நான் கூப்பிடப் போறதில்ல.

பத்துமலை
(தம்பி. திரு. இல்ல)


கோப்பெங்,
19 ஜூன் 2025

திரு. பத்துமலை அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடிந்ததும் அமர்ந்தேன்.

என் வாசலை மிதியாதவர் என் காப்பியில் சர்க்கரை குறைவு என்கிறார்! அந்தக் காப்பியை நான்தான் போட்டேன், மறுக்கவில்லை. அந்தச் சொற்களையும் நான்தான் சொன்னேன். ஆனால் அது அதற்கு முந்தைய தீபாவளிக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்தபோது. அன்று தினேஸ்வரி முறுக்கு உடைத்துத் தரையெல்லாம் சிந்தினாள். தாங்கள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றீர்கள். தட்டும் இல்லை, புடவையும் இல்லை, புதுவீட்டுப் பேச்சும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். தாங்கள் வந்து அழைத்தது உண்மையாயின், அந்தப் புடவை எங்கே? என் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வரலாறு உண்டு. எது யார் கொடுத்தது, எந்த விசேடத்திற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தாங்கள் கூறும் புடவை அவற்றில் இல்லை. அக்காளிடம் கொடுத்த புடவை அக்காளிடம் இருக்க வேண்டும். இல்லையேல் கொடுத்ததாகச் சொல்பவரிடம் இருக்க வேண்டும். அது என்ன நிறம் என்றாவது தங்களால் சொல்ல முடியுமா?

பொய்யைப் பொறுப்பேன். ஆனால் என் அடுப்படியை, என் காப்பியை, என் வாய்ச்சொல்லை எடுத்து அந்தப் பொய்க்குச் சட்டையாகத் தைத்திருக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

ஜூலை 17-இல் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் அழைக்கப் புறப்படுவதில்லை. சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிடுங்கள்.

இருளாயி அப்பாவு


தஞ்சோங் மாலிம்
26 ஜூன் 2025

அக்கா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். கெடச்சுருச்சு. அதச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சுட்டு வந்து ஒக்காந்திருக்கேன்.

புடவ என்ன நெறம்னு புனிதாகிட்ட கேட்டேன். "மயில்கழுத்து நெறம். ஈப்போவுல லிட்டில் இந்தியாவுல நான்தானே எடுத்தேன். அக்காவுக்குப் புடிச்சுதா இல்லயான்னு நீங்க இதுவரைக்கும் சொல்லவே இல்லயே"ன்னா. எனக்கு சுருக்குன்னுச்சு. அலமாரியத் தேடினேன். இல்ல. அப்புறம் பழைய காருக்குப் போனேன். இப்ப தினேஸ்வரிதான் அத ஓட்டறா. பின்னாடி டிக்கியத் தொறந்து, ஸ்பேர் டயர் மூடியத் தூக்கினேன்.

அங்கதான் இருந்துச்சுக்கா. நசுங்கக் கூடாதுன்னு டயர் குழிக்குள்ள நானே பத்திரமா வெச்சது. தட்டு இருக்கு, புடவ இருக்கு. வெத்தல தொட்டா தூளாப் போச்சு.

அங்கயே தரையில ஒக்காந்துட்டேன்.

நான் பொய் சொல்லலக்கா. ஆனா அது நடக்கல.

இப்ப யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தாப்பாவுல தே தாரிக் கையில இருக்கறப்ப கார் பெக்டரியிலேருந்து ஃபோன் வந்துச்சு. மெஷின் நின்னுருச்சு, உடனே வாங்கன்னாங்க. பாதி கிளாஸ வெச்சுட்டுத் திரும்பிட்டேன். கெளம்பினது மண்டையில நின்னுச்சு. திரும்பினது நிக்கல. அடுத்த வாரம் புனிதா, "அக்கா வீட்டுக்குப் போயாச்சுதானே?"ன்னு கேட்டப்ப, போனேனேன்னு சொல்லிட்டேன். தீபாவளிக் காப்பிய எடுத்து மனசே அந்த ஓட்டயில ஒட்டிருச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். போன வருசமே தெரியும். வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல.

தினேஸ்வரி சிறப்புக் கல்வி படிக்கறால்ல, பாடத்துக்காக என்கிட்ட ஏதேதோ கேள்வி கேட்டா. கேட்டுக்கிட்டே வந்தவ திடீர்னு நிறுத்திட்டா. "அப்பா, நீங்க ஒருத்தரப் பாக்கணும்"னா. கோலாலம்பூர்ல ஒரு அம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. ரொம்ப நேரம் என்னென்னவோ செய்யச் சொன்னாங்க. எனக்கு டிஸ்லெக்சியாவாம். எழுத்து மண்டையில ஏறாத கொற. பொறந்ததுலேருந்தே இருக்காம். சோம்பேறித்தனமும் இல்ல, மக்குத்தனமும் இல்லன்னாங்க. அம்பது வயசுக்கு மேல ஒருத்தர் என்கிட்ட அப்படிச் சொன்னாங்கக்கா.

எழுத்து மட்டும் இல்லயாம். என்ன மாதிரி ஆளுங்களுக்கு அன்னாட ஞாபகமும் சுசாவாம், கஷ்டமாம். புனிதா மூணு சாமான் சொல்லி விட்டா ரெண்டு வாங்கிட்டு வருவேன். நாளைக்குச் செய்யணும்னு நெனக்கறதுக்கு நடுவுல யாராச்சும் கூப்பிட்டா, செஞ்சாச்சா இல்லயான்னே தெரியாது. ரூமுக்குள்ள போயி, எதுக்கு வந்தேன்னு நிப்பேன். எஸ்டேட்ல நீ கடைக்கு அனுப்புவியே, உப்பு, மண்ணெண்ண, கருவாடுன்னு. பாலத்தத் தாண்டறதுக்குள்ள நடுவுல ஒண்ணு தண்ணியில விழுந்துரும். அது இப்பவும் விழுதுக்கா.

மனுசங்கள மறக்கறதில்ல. உன்ன நான் ஒரு நாளும் மறக்கல. உன்கிட்ட வரத்தான் மறந்தேன். மத்த வீட்டுக்கெல்லாம் புனிதா பக்கத்துல ஒக்காந்து, அடுத்து இந்த வீடு, அடுத்து அந்த வீடுன்னு சொன்னா. உன் வீடு மட்டும் என் பொறுப்புல இருந்துச்சு. ரொம்ப ஒசத்தின்னு என் மண்டையிலயே வெச்சுக்கிட்டேன். அதான் விழுந்துச்சு.

தினேஸ்வரி இதப் பத்தி ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி இதோட வெச்சிருக்கா. நீ வாசிப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

பத்துமலை


கோப்பெங்,
1 ஜூலை 2025

தம்பி பத்துமலைக்கு,

‘தாங்கள்’ என்றுதான் தொடங்கினேன். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இவ்வாறு எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. தாள் மிச்சம் என்று எடுத்துக்கொள்.

தினேஸ்வரி எழுதியதை வாசித்தேன். வாக்கியங்களைச் செம்மையாக அமைத்திருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் ஒற்று விட்டிருக்கிறாள், திருத்தி வைத்திருக்கிறேன். பொருளைத்தான் என்னால் திருத்த முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப் போவதில்லை. தெரிந்ததைத்தான் சொல்கிறேன். நீ பிறந்த ஆண்டு, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகையில் உன் தொட்டிலை ஆட்ட ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு என் பள்ளி நின்றது. நான் அழவில்லை. இவன் போவான், எழுத்தை வீட்டுக்குக் கொண்டு வருவான், நானும் அதிலிருந்து எடுத்துக்கொள்வேன் என்று எண்ணினேன். நீ பள்ளி சென்ற முதல் நாளிலிருந்து லயத்து வாசலில் காத்திருந்தேன். நீ பிரம்படித் தழும்போடு வந்தாய். எழுத்தைக் கொண்டு வரவில்லை. கருவாடு சுற்றிவந்த செய்தித்தாளில் நானே எழுத்துக் கூட்டினேன். வானொலியில் கேட்ட சொற்பொழிவுகளை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நடை பழகினேன். இன்று கோயில் திருவிழாவில் வரவேற்புரை எழுத வேண்டுமென்றால் கோப்பெங்கில் என்னைத்தான் தேடி வருகிறார்கள்.

பெஞ்சும் பலகையும் இல்லாத எனக்கு வந்தது, எல்லாம் இருந்த உனக்கு ஏன் வரவில்லை? சோம்பல் என்று அன்றே தீர்ப்பெழுதிவிட்டேன். இந்நாள் வரை அதன்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு பெயரைக் கேட்டவுடன் அதிலிருந்து இறங்கிவிட என்னால் இயலவில்லை. வழுக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.

ஆகவே ஒரு வாய்ப்பு. ஜூலை 13, ஞாயிறு, காலை ஒன்பது மணி. ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு. தட்டும் புடவையும் கொண்டு நீ தனியாக வா. புனிதா நினைவூட்டக் கூடாது, தினேஸ்வரி வண்டி ஓட்டக் கூடாது. அன்று நீ எனக்கென்று வைத்துக்கொண்ட அந்த அழைப்பை நீயேதான் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். வந்தால் முதல் மஞ்சள் என் கையால். வராவிட்டால் இந்த வாசலைப் பற்றி இனி ஒருவரும் பேச வேண்டாம்.

கடுமை என்பாய். நான் எப்போது எளிமையாக இருந்தேன்?

இருளாயி


தஞ்சோங் மாலிம்
6 ஜூலை 2025

அக்கா,

ஞாயித்துக்கெழம, பதிமூணு, ஒன்பது மணி. சரி. வாரேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. கண்ணாடி போட்டவன, கண்ணாடியக் கழட்டிட்டு வாடா, அப்பத்தான் நம்புவேன்னு சொல்லுவியா? புனிதா வரமாட்டா. தினேஸ்வரி வரமாட்டா. அது உன் வார்த்த. ஆனா என் வழி என்கூட வரும். அத விட்டுட்டு வான்னு சொல்லாதே.

என் வழி என்னன்னு சொல்றேன், கேளு. ‘அப்புறம்’ங்கற வார்த்தய நான் சொல்றதில்ல. ஒண்ணு இப்பவே செய்வேன், இல்லன்னா அந்தச் சாமானக் கொண்டுபோயி என் வழியில போட்டு வைப்பேன், கால் தடுக்கணும். கரன்ட் பில் கட்டணுமா, பில்ல செருப்புக்குள்ள வைப்பேன். மருந்து சாப்பிடணுமா, மாத்திரய பிரஷ்ஷோட கட்டி வைப்பேன். புனிதா சிரிப்பா. சிரிக்கட்டும்லா.

பெக்டரியிலயும் அப்படித்தான். என்ன குழுத் தலைவனா ஆக்கறேன்னு முன்னயே கேட்டாங்க. செக்லிஸ்ட் வாசிக்கணுமேன்னு பயந்து வேணாம்னுட்டேன். இந்த வருசம் மறுபடியும் கேட்டாங்க. எனக்கு இப்படி இருக்கு, எழுத்துக்குப் பதிலாப் படம் கொடுத்தா செய்யறேன்னு மொத தடவயா வாய் விட்டுச் சொன்னேன். பொஸ், சரி, படமே போடுன்னாரு. போட்டோம். இப்ப வங்காளதேசத்துப் பசங்க, நேப்பாளப் பசங்க எல்லாரும் அந்தப் படத்தத்தான் பாக்கறாங்க. போன மாசம் எங்க லைன்ல செஞ்ச கார் ஒண்ணு கூட கோளாறுன்னு திரும்பி வரல. எல்லார் முன்னாடியும் என்னக் கூப்பிட்டுக் கை தட்டினாங்க. உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்னு தோணுச்சு. நீதான் கதவச் சாத்தி வெச்சிருக்கியே.

தட்டையும் புடவையும் டிரைவர் சீட்லயே வெச்சுட்டேன். எடுக்காம ஒக்கார முடியாது. அன்னிக்கு ஃபோன ஆஃப் பண்ணிருவேன். பெக்டரியே எரிஞ்சாலும் தாப்பாவுல நிறுத்தமாட்டேன்.

நீ கதவு மட்டும் தொறந்து வையி.

பத்துமலை


கோப்பெங்,
14 ஜூலை 2025

என் அருமைத் தம்பி பத்துமலைக்கு,

அக்காள் இருளாயி வாழ்த்தி எழுதும் மடல்.

நேற்று முன்தினம் நடந்ததை நீயும் அறிவாய், நானும் அறிவேன். இருப்பினும் நடந்தவாறே எழுதுகிறேன். ஒருமுறை நடக்காத ஒன்று உன் மனத்தில் நடந்ததாகப் பதிந்துவிட்டது. இம்முறை நடந்தது நழுவிவிடக் கூடாது. இனி உன் நினைவில் ஒரு பங்கு என் பொறுப்பு. புனிதாவை வாசிக்கச் சொல், ஒலிப்பதிவு செய்துகொள், வேண்டும்போதெல்லாம் கேள்.

நான் சொன்னது ஞாயிறு. அதற்கு நான் செய்திருந்த ஏற்பாடுகளை நீ அறியமாட்டாய். அரக்குப் பட்டைத் தேய்த்து வைத்திருந்தேன். வாசலுக்குப் பெரிய கோலம் ஒன்றைத் தாளில் வரைந்து பார்த்திருந்தேன். நீ வராமற்போனால் சொல்ல வேண்டியதைக்கூட மனத்துக்குள் செம்மையாக அமைத்திருந்தேன். நல்ல உரை அது. வீணாய்ப் போயிற்று.

சனிக்கிழமை காலை, பொழுது புலர்ந்த வேளை. பழைய நைட்டி, தலை நிறைய எண்ணெய், கை நிறைய நெத்திலி. வாசலில் கார் நின்றது. எட்டிப் பார்க்கிறேன், மயில்கழுத்துப் புடவையும் வெற்றிலையும் நிரம்பிய தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

"என்னடா! இன்னிக்குச் சனிக்கிழமடா!"

"தெரியும்க்கா."

"நான் ஞாயித்துக்கெழமன்னுதானே எழுதினேன்?"

"நாளைக்குன்னா நடுவுல ஒரு ராத்திரி இருக்குக்கா. ராத்திரியில என்ன விழும்னு யாருக்குத் தெரியும்? ஞாபகம் இருக்கறப்பவே வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை. என் கையெல்லாம் மீன். தட்டை எப்படி வாங்குவது? நீயோ ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாய்.

"ஏன்டா ஆடறே?"

"தாப்பாவுல நிறுத்தலக்கா. எங்கயுமே நிறுத்தல. சீக்கிரம் கையக் கழுவு. பாத்ரூம் போகணும்."

"தட்டக் கீழ வெச்சுட்டுப் போயேன்டா!"

"கீழ வெச்சா போச்சு. உன் கையில கொடுத்துட்டுத்தான் மறுவேல!"

சோப்புப் போட்டுக் கை கழுவி, நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கிழக்குப் பார்த்து நின்றேன். வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கலாதேவி பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள். பார்க்கட்டும். நாளைக்குச் சந்தையில் அவளே சொல்லட்டும். நீ தட்டை நீட்டினாய். புடவை மடிப்பு ஓரங்கள் வெளுத்திருந்தன. வெற்றிலை அன்று பறித்தது. பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், யாவும் முறைப்படி இருந்தன. ஒன்று மட்டும் இல்லை.

"பத்திரிக எங்கடா?"

உன் முகத்தை நான் மறக்கமாட்டேன். அந்த முகத்தை என் அறுபது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. உன் எட்டு வயதிலிருந்து நான் பார்த்த முகம்தான் அது. கருவாடு தண்ணீரில் விழுந்துவிட்ட முகம்.

"எல்லாத்தையும் சீட்ல வெச்சேன்க்கா. அத மட்டும் சட்டப் பையில வெச்சேன். கசங்கக் கூடாதுன்னு." நீ உன் மார்பைத் தொட்டுப் பார்த்தாய். "சட்டய மாத்திட்டேன்."

முன்னாளில் உன்னைக் கடைக்கு அனுப்பும்போது சட்டை நுனியில் முடிச்சுப் போட்டு அனுப்புவேன், நினைவிருக்கிறதா? நீ பாதி வழியில் திரும்பி வந்து, "அக்கா, இந்த முடிச்சு எதுக்கு?" என்று கேட்பாய். நான் உன் தலையில் குட்டுவேன். சோம்பேறி உண்மையிலேயே பாதி வழி திரும்பி நடந்து வந்து கேட்பானா? அது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. மறந்த ஒன்றைத் தேடி அவ்வளவு தூரம் நடப்பவன் சோம்பேறி அல்லன். என் தீர்ப்பின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதினேனே, இறங்கிவிட்டேன். வழுக்கவில்லை.

உள்ளே போய், காளியம்மன் படத்தின் கீழிருந்து அந்த உறையை எடுத்து வந்தேன். பிரிக்காதது. நீ அஞ்சலில் அனுப்பியது. மூலை மஞ்சள் அப்படியே இருந்தது. அதை உன் கையில் வைத்தேன்.

"இப்பக் கொடுடா."

நீ அதைத் தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினாய். "அக்கா, என் மகளுக்குக் கல்யாணம். நீ முன்ன நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்றாய். ஒரு சொல்லும் விழவில்லை. வாங்கிக்கொண்டேன். கொடுத்த கையோடு நீ பின்கட்டுக்கு ஓடினாய். கலாதேவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

பிறகு காப்பி கொடுத்தேன். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மிக்கா" என்றாய். இம்முறை அது உண்மையாகவே நடந்தது. குறித்துக்கொள்.

சில செய்திகள். உன் தொலைபேசி எண்ணின் தடையை நீக்கிவிட்டேன். பெக்டரியில் கைதட்டியதை நீயே அழைத்து உன் வாயால் சொல். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல், முன்பே சொன்னாயே என்று சொல்லமாட்டேன். மயில்கழுத்துப் புடவையைத்தான் நலங்கிற்கு உடுத்தப் போகிறேன். வெளுத்த மடிப்புகளைப் பார்த்து யாரேனும் கேட்டால், என் தம்பி 2019-லேயே வாங்கிய புடவை என்று பெருமையோடு சொல்வேன். உன் சட்டைப் பையிலிருக்கும் பத்திரிகையைக் கலாதேவிக்கு அனுப்பிவை. அவளுக்கு அஞ்சல் போதும்.

ஆவணியில் நலங்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னாய். காலையில் வந்து என்னைக் காரில் அழைத்துப் போவதாகவும் சொன்னாய். வேண்டாம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் வேலை சொல்வார்கள். நான் வியாழக்கிழமையே பேருந்து ஏறிவிடுவேன். உன்மேல் நம்பிக்கையில்லாமல் அல்ல. ஞாபகம் இருக்கும்போதே வந்துவிடுவது நம் வீட்டு வழக்கங்களில் இனி ஒன்றாக இருக்கட்டும்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நில். இந்த முறை அக்காள் வருவேன்.

ஒரு நாள் முன்னதாக,
உன் அக்கா